ப்ரீ-ஆக்‌ஷன் ஸ்பிரிங்க்ளரில் காற்று நிற்கவில்லையா? அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிக்கும் வழி

ப்ரீ-ஆக்‌ஷன் ஸ்பிரிங்க்ளர் அமைப்பில் குழாயில் வழக்கமாகத் தண்ணீர் இருக்காது, கம்ப்ரசர் நிரப்பிய காற்றுதான் நிற்கும்; தீயின் சேதி வந்த பிறகே வால்வு திறந்து தண்ணீரை விடும். சென்னையில் ஒரு சர்வர் கூடம். தினமும் அதிகாலை 3 மணிக்கு ப்ரீ-ஆக்‌ஷன் அமைப்பின் குறைகாற்று அலாரம் அடிக்கும். இரவுக் காவலர் பேனலில் ஒலியை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதி வைப்பார். காலை 9 மணிக்குப் பராமரிப்பு ஆள் வந்து பார்த்தால் கேஜ் முள் 15 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ அழுத்தத்தின் அலகு) அப்படியே நிற்கும். மூன்று வாரம் இப்படியே போனது. பிறகு "பிரஷர் ஸ்விட்ச்சில்தான் கோளாறு" என்று முடிவு செய்து, அலாரம் அடிக்கும் அளவை 10 பிஎஸ்ஐயிலிருந்து 7க்கு இறக்கிவிட்டார்கள். அலாரம் நின்றுவிட்டது.

வருடாந்திரச் சோதனைக்குப் போன நான் கம்ப்ரசரின் மின்கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். அது விளக்குகளுக்கான டிபி பெட்டியில், அதாவது மின்பகிர்வுப் பெட்டியில் போய் முடிந்தது. அந்தப் பெட்டியில் ஒரு டைமர். இரவு 11 மணிக்கு விளக்குகளை அணைக்கும், காலை 6 மணிக்குப் போடும். விளக்கோடு கம்ப்ரசரும் அணைந்திருக்கிறது. 11 மணிக்கு 15 பிஎஸ்ஐ, 3 மணிக்கு 10. அதாவது மணிக்குச் சுமார் 1.25 பிஎஸ்ஐ வீதம் குழாயில் காற்று கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. காலையில் மின்சாரம் வந்ததும் கம்ப்ரசர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிரப்பிவிடும். பகல் முழுவதும் கசிவு கண்ணில் படாது.

அங்கே இருந்தது டபுள் இன்டர்லாக், அதாவது இரண்டு பூட்டும் விடுபட்டால்தான் தண்ணீரை விடும் வகை. இரண்டு பூட்டில் ஒன்று காற்று. விடியும் நேரத்தில் அந்தப் பூட்டு ஏறக்குறைய கழன்ற நிலையில்தான் இருந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்று சம்பந்தமாக எந்த அறிகுறி வந்தாலும் நம் கை முதலில் கம்ப்ரசரையோ ஸ்விட்ச்சையோ நோக்கித்தான் போகிறது. போக வேண்டியது குழாயை நோக்கி. இந்த அமைப்பில் காற்றின் முதல் வேலையே குழாய் முழுசாக இருக்கிறதா என்று சொல்வதுதான். கம்ப்ரசரைப் பெரிதாக்கினால் அந்தச் சேதியை அழிக்கிறோம். ஸ்விட்ச்சை இறக்கினாலும் அதே கதைதான்.

கை வைப்பதற்கு முன்

முதலில் உங்கள் அமைப்பு எந்த வகை என்று பாருங்கள். நான்-இன்டர்லாக் என்றால், தீயை உணரும் டிடெக்டர் சொன்னாலும் வால்வு திறக்கும், காற்று இறங்கினாலும் திறக்கும். சிங்கிள் இன்டர்லாக்கில் டிடெக்டர் சொன்னால்தான் தண்ணீர். காற்று வெறும் காவலாள். டபுள் இன்டர்லாக்கில் டிடெக்டரும் சொல்ல வேண்டும், காற்றும் இறங்க வேண்டும். ஒரே கசிவு இந்த மூன்றிலும் மூன்று விதமாக முடியும். நான்-இன்டர்லாக்கில் கசிவைத் தேடும்போது காற்றை இறக்கிவிட்டால், கூடம் முழுக்கக் குழாய்களில் தண்ணீர் ஏறிவிடும். சர்வர் அறையில் அது சின்ன விஷயம் இல்லை.

அதனால் கட்டடப் பொறுப்பாளரிடமும், அலாரத்தைக் கண்காணிப்பவர்களிடமும் சொல்லிவிட்டு, வால்வைத் திறக்கும் மின்சாதனமான சோலினாய்டின் இணைப்பைப் பேனலில் முறைப்படி ஒதுக்கிவிட்டு, தேவைப்பட்டால் மெயின் வால்வை மூடி அட்டை கட்டிவிட்டுத் தொடங்குங்கள். வால்வு மூடியிருக்கும் நேரம் முழுவதும் அந்தக் கூடத்தில் ஓர் ஆள் தீக்காவலுக்கு நிற்க வேண்டும். நிற்கிறவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

கையில் சரிபார்த்த கேஜ் ஒன்று, சோப்புக் கரைசல், கடிகாரம், நோட்டு. இது போதும். அளவுகளை நான் பிஎஸ்ஐயில் சொல்கிறேன். நம் தளங்களில் "கிலோ" என்று பேசுவோம் இல்லையா, அந்த 1 கிலோ 14.2 பிஎஸ்ஐ. 1 பார் 14.5 பிஎஸ்ஐ.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அழுத்தம் ஏறவில்லை

புதிதாக நிரப்பும்போது இது வந்தால் பாதி நேரம் எங்கோ ஒரு வால்வு திறந்திருக்கும். டெஸ்ட் வால்வு, தாழ்வான இடங்களில் உள்ள டிரெயின்கள் (நீர் வடிக்கும் வால்வுகள்), ரைசர் எனப்படும் மேலேறும் முதன்மைக் குழாயின் டிரெயின் எல்லாவற்றையும் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள். தூரத்திலிருந்து கைப்பிடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளக் போடாமல் விட்ட அவுட்லெட்டும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கலாம்.

எல்லாம் மூடியிருக்கிறது, இன்னும் ஏறவில்லை என்றால் கணக்குப் போடுங்கள். நான் சொன்ன கூடத்தையே எடுத்துக்கொள்வோம். 4 அங்குலக் குழாய் 60 மீட்டர், 2 அங்குலம் 120 மீட்டர், 1 அங்குலம் 150 மீட்டர். ஷெட்யூல் 40 குழாயில் மீட்டருக்கு முறையே 8.2, 2.17, 0.56 லிட்டர் கொள்ளும். கூட்டினால் சுமார் 836 லிட்டர். இதை 15 பிஎஸ்ஐக்கு, அதாவது ஏறக்குறைய 1 பாருக்கு ஏற்ற, இன்னொரு 836 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். உலர் குழாய் அமைப்புகளுக்கு (டிடெக்டர் இல்லாமல் காற்றை மட்டும் நம்புபவை) ஸ்பிரிங்க்ளர் நிறுவலுக்கான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 13 கேட்பது 30 நிமிடத்தில் நிரம்ப வேண்டும் என்று. டபுள் இன்டர்லாக்குக்கும் நாங்கள் அதையே அளவாக வைத்துக்கொள்கிறோம். 836ஐ 30ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 28 லிட்டர். அது 1 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு ஒரு கன அடி), அவ்வளவுதான். 40 பிஎஸ்ஐக்கு ஏற்றுவதென்றாலும் 2.7 சிஎஃப்எம் போதும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், "கம்ப்ரசர் சிறிசு சார், பெரிசா மாத்தணும்" என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் சிஎஃப்எம் பல கம்ப்ரசர்களில் பிஸ்டன் இடம்பெயர்க்கும் அளவு. உண்மையில் வெளியே வரும் காற்று, எஃப்ஏடி என்பது, அதில் முக்கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். கணக்குக்கு எஃப்ஏடியை எடுங்கள்.

கம்ப்ரசர் போதும் என்று தெரிந்தபிறகும் நிரம்பவில்லை என்றால், அதைத் தனியாகச் சோதியுங்கள். குழாய்க்குப் போகும் வால்வை மூடிவிட்டு டேங்க் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். சொன்ன நேரத்தில் நிரம்பினால் கம்ப்ரசர் நல்லது. நிரம்பவில்லை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, பெல்ட் வழுக்கல், வால்வு பிளேட் தேய்வு இவற்றில் ஒன்று. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே முதலாவது தெரிந்துவிடும்.

அழுத்தம் இருக்கிறது, ஆனால் கம்ப்ரசர் அடிக்கடி ஓடுகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கம்ப்ரசரிலிருந்து குழாய்க்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் மெயின்டனன்ஸ் டிவைஸ், தளத்தில் ஏஎம்டி என்போம், அதன் வால்வை மூடுங்கள். அதைச் சுற்றிப் போகும் பைபாஸும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது அமைப்பு இரண்டு துண்டாகிவிட்டது. ஒரு பக்கம் கம்ப்ரசரும் டேங்கும், மறுபக்கம் குழாய். இரண்டு கேஜையும் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். டேங்க் இறங்கினால் கோளாறு கம்ப்ரசர் பக்கம்: டேங்கின் செக் வால்வு, டேங்க் டிரெயின், ஃபிட்டிங். குழாய் இறங்கினால் மேலே ஏற வேண்டியதுதான். இரண்டுமே இறங்கவில்லை, ஆனாலும் முன்பு அடிக்கடி ஓடியது என்றால், பிரஷர் ஸ்விட்ச்சில் நிறுத்தும் அளவுக்கும் தொடங்கும் அளவுக்கும் இடைவெளி போதவில்லை என்று பொருள்.

எவ்வளவு கசிவை ஏற்கலாம்? புதிய உலர் குழாய் அமைப்புக்கும் டபுள் இன்டர்லாக்குக்கும் என்எஃப்பிஏ 13 சொல்வது: 40 பிஎஸ்ஐயில் 24 மணி நேரம், 1.5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக்கு, பராமரிப்புத் தரநிலையான என்எஃப்பிஏ 25 மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. 40 பிஎஸ்ஐயில் 2 மணி நேரம் வைத்து 3 பிஎஸ்ஐக்கு மேல் இழக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது வழக்கமான அழுத்தத்திலேயே காற்று வரத்தை 4 மணி நேரம் நிறுத்திவிட்டு, குறைகாற்று அலாரம் அடிக்கிறதா என்று பார்க்கலாம். அடித்தால் தோல்வி. இரவு 11 மணிக்குக் காற்று நின்று 3 மணிக்கு அலாரம் அடித்த அந்தக் கூடம், ஒவ்வோர் இரவும் இந்தச் சோதனையைத் தானே செய்து தானே தோற்றுக்கொண்டிருந்தது. நோட்டில் எல்லாம் பதிவாகியும் இருந்தது.

24 மணி நேரச் சோதனையில் வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். 40 பிஎஸ்ஐ என்பது கேஜ் காட்டுவது. வளிமண்டலத்தையும் சேர்த்தால் 54.7. மாலையில் 30 டிகிரி இருந்த கூடத்தில் இரவு ஏசி போட்டு 24 டிகிரிக்கு வந்தால், ஒரு துளிக் காற்றுகூடக் கசியாமலேயே சுமார் 1.1 பிஎஸ்ஐ இறங்கிவிடும். அனுமதித்த 1.5இல் பெரும் பகுதி அதற்கே போய்விட்டது. மறுபக்கமும் உண்டு: குளிரில் தொடங்கி வெயிலில் முடித்தால் உண்மையான கசிவு மறைந்துவிடும். ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் அறை வெப்பநிலையைக் குறியுங்கள். ஒரே வெப்பநிலையில் இரண்டு அளவும் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

"ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆன குழாய், கசிய வாய்ப்பே இல்லை" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 200 பிஎஸ்ஐயில் 2 மணி நேரம் தண்ணீரைத் தாங்கிய இணைப்பு, 15 பிஎஸ்ஐ காற்றை விட்டுவிடும். தண்ணீர் நுழைய முடியாத இடுக்கில் காற்று நுழையும். குழாய்களைக் கவ்விப் பிணைக்கும் க்ரூவ்டு கப்ளிங்கில் கேஸ்கட் (ரப்பர் வளையம்) உயர் அழுத்தத்தில் விரிந்து நன்றாக அடைக்கும். குறைந்த அழுத்தத்தில் அந்த உதவி கிடைக்காது. ஒன்று மட்டும்: சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்று காற்றை 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதீர்கள். அழுத்திய காற்று தண்ணீரைப் போல இல்லை; ஒரு பிளக் பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளைக் கொல்லும்.

தேடும் வரிசை ஒன்று எனக்குப் பழகிவிட்டது. முதலில் ரைசரைச் சுற்றி: கேஜ் காக், ஸ்விட்ச் ஃபிட்டிங், சிறு டிரிம் குழாய்கள். அத்தனை சிறு இணைப்புகளும் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான். அப்புறம் டெஸ்ட் வால்வும் தாழ்வு டிரெயின்களும். அதன்பிறகு ஸ்பிரிங்க்ளர் திருகிய இடங்கள். கடைசியாகக் கப்ளிங்குகள். சர்வர் ரேக்குகளுக்கு மேலே சோப்புக் கரைசல் தெளிக்கும்போது கீழே ஷீட் விரியுங்கள்; ஸ்பிரே வேண்டாம், தூரிகையால் தடவுங்கள். கூடத்தின் மின்விசிறிச் சத்தத்தில் கசிவின் சீறல் காதில் விழாது என்பதால், அல்ட்ராசோனிக் கருவி கிடைத்தால் வாடகைக்காவது வாங்கி வாருங்கள்.

பால் டிரிப் வழியாகக் காற்று சீறுகிறது, அல்லது தண்ணீர் சொட்டுகிறது

மேலே எங்கும் கசிவு கிடைக்கவில்லை என்றால் கீழே பாருங்கள். தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் டெலூஜ் வால்வுக்கு மேலே ஒரு ரைசர் செக் வால்வு இருக்கும். காற்றை மேலேயே நிறுத்தி வைப்பது அதுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் பால் டிரிப் என்ற சொட்டு வடிக்கும் வால்வு வழியாக வெளியே திறந்திருக்கும். டிரிப்பின் குமிழை விரலால் உள்ளே அழுத்துங்கள். காற்று வந்தால் ரைசர் செக் வால்வு சரியாக உட்காரவில்லை. தண்ணீர் வந்தால் டெலூஜ் வால்வின் சீட் கசிகிறது. ரீசெட் செய்த அன்று மிஞ்சிய தண்ணீர் சிறிது வருவது இயல்பு. மறுநாளும் வந்தால் அது கசிவு.

செக் வால்வில் பெரும்பாலும் சீட்டின் மேல் துருத்துகளோ வெல்டிங் மிச்சமோ சிக்கியிருக்கும். மெயின் வால்வை மூடி, காற்றை முழுவதும் இறக்கி, மூடியைத் திறந்து துடைத்துப் பாருங்கள். ரப்பரில் வெட்டு இருந்தால் மாற்றிவிடுங்கள். தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சீட்டின் மேல் நின்று அடைக்கும் ப்ரைமிங் தண்ணீரை ஊற்றச் சொல்லும் மாடலா என்று தயாரிப்பாளர் கையேட்டில் பாருங்கள். ஊற்ற வேண்டியதில் ஊற்றாமல் விட்டாலும் காற்று நழுவும்.

கேஜ் சரியாக இருக்கிறது, அலாரம் மட்டும் அடிக்கிறது

முதலில் கேஜை நம்பாதீர்கள். சரிபார்த்த கேஜைப் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்ற முள் அங்கேயே ஒட்டிக்கொள்வது உண்டு. பிறகு ஸ்விட்ச்சுக்குப் போகும் காக் திறந்திருக்கிறதா, அந்தச் சிறு குழாயில் தண்ணீர் தேங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் அளவுகளின் வரிசையில்தான் சிக்கல். காற்று அமைப்பில் எல்லா அளவுகளும் ஒரு படிக்கட்டு மாதிரி இருக்க வேண்டும். உச்சியில், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு. அதற்குக் கீழே ரெகுலேட்டர் அளவு (டேங்க் இல்லாவிட்டால் கம்ப்ரசர் நிற்கும் அளவும், அதற்குக் கீழே மறுபடி தொடங்கும் அளவும்), பிறகு குறைகாற்று அலாரம், கடைசியில் காற்றுப் பூட்டு விடுபடும் அளவு. அடுத்தடுத்த படிகளுக்கு நடுவே போதிய இடைவெளி வேண்டும், ஏனெனில் ஸ்விட்ச்சுகள் நாளாக நாளாக ஒன்றிரண்டு பிஎஸ்ஐ நகர்ந்துவிடும். டேங்க் இல்லாத கம்ப்ரசர் 12இல் தொடங்கி 15இல் நிற்கிறது, அலாரம் 11இல் வைத்திருக்கிறார்கள் என்றால், காற்று இறங்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரசரும் அலாரமும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். அங்கே அலாரத்தை இறக்குவதைவிட, தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரை மேல் படிகளை உயர்த்துவதுதான் சரி. அடிமட்டம் நம் விருப்பத்தில் இல்லை. கண்காணிப்புக் காற்றுக்கு என்எஃப்பிஏ 13 வைக்கும் குறைந்தபட்சம் 7 பிஎஸ்ஐ. அந்தக் கூடத்தில் அலாரத்தை 7க்கு இறக்கியபோது, இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கு வந்தபிறகுதான் அலாரமே அடிக்கும் என்று ஆக்கிவிட்டார்கள்.

அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகிறது

பைபாஸ் வால்வு ஒரு நூல் திறந்திருக்கும், அல்லது ரெகுலேட்டரின் சீட்டில் தூசி. பைபாஸை இறுக்கி மூடி ஒரு நாள் பாருங்கள். நின்றுவிட்டால் பைபாஸ். நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரையும் அதற்கு முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அழுத்தம் கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. தீ வரும்போது அந்தக் காற்று வெளியேறினால்தான் தண்ணீர் வர முடியும். கூடும் ஒவ்வொரு பிஎஸ்ஐயும் தண்ணீரைத் தாமதப்படுத்துகிறது.

ரெகுலேட்டரை இறக்கும்போது பலர் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். திருகைத் தளர்த்துவார்கள், கேஜ் இறங்காது, மேலும் தளர்த்துவார்கள். குழாயில் ஏற்கனவே ஏறிய காற்று பல ரெகுலேட்டர்களில் திரும்பி வெளியேறாது. டிரெயினைச் சற்றுத் திறந்து அழுத்தத்தை நீங்கள் நினைத்த அளவுக்கும் கீழே இறக்கிவிட்டு, மூடி, அங்கிருந்து மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஆனால் நான்-இன்டர்லாக், டபுள் இன்டர்லாக் அமைப்புகளில் இப்படி இறக்குவதற்கு முன் தண்ணீர்ப் பக்கம் மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

வால்வு விடுபடுகிறதா என்று பார்க்கும் ட்ரிப் டெஸ்டில், டெஸ்ட் வால்வைத் திறந்தும் காற்று இறங்கவில்லை

இந்த அறிகுறியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா நாளும் இந்த அமைப்பு குறையே இல்லாமல் தெரியும். கேஜ் நிலையாக நிற்கும். அலாரம் வராது. கம்ப்ரசர் அமைதியாக இருக்கும்.

காற்று வரத்துக்கு இரண்டு வேலை உண்டு, இரண்டும் எதிரெதிரானவை. காலிக் குழாயை நிரப்பும்போது வேகமாகத் தர வேண்டும். நிரம்பிய பிறகு, சிறு கசிவை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தர வேண்டும். ஏஎம்டி இருப்பதே இதற்காகத்தான். நிரப்ப பைபாஸ், காக்க ரெகுலேட்டரும், பொதுவாக 1/16 அங்குலமே உள்ள சிறு துளையும். ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்தால் அதன் வழியாக வெளியேறும் காற்றை அந்தத் துளையால் ஈடுகட்ட முடியாது. அதனால் அழுத்தம் இறங்கும், காற்றுப் பூட்டு விடுபடும்.

பைபாஸ் திறந்தே கிடந்தால்? சின்னக் கம்ப்ரசர் என்றால் திறந்த ஸ்பிரிங்க்ளரோடு போட்டி போட முடியாது, தாமதம் மட்டும் ஆகும். தொழிற்சாலையின் பொதுக் காற்றுக் குழாயிலிருந்தோ பெரிய டேங்கிலிருந்தோ வரத்து இருந்தால் நிலைமை வேறு. ஸ்பிரிங்க்ளர் வழியாகப் போகும் காற்றைப் பைபாஸ் வழியாக வரும் காற்று தாங்கிப் பிடித்துவிடும். டிடெக்டர் சொல்லியிருக்கும், ஸ்பிரிங்க்ளர் வெடித்திருக்கும், டபுள் இன்டர்லாக் வால்வு மட்டும் காற்று இறங்கக் காத்துக்கொண்டே நிற்கும். தீக்கு நாமே காற்று ஊதிக்கொண்டிருப்போம்.

டேங்க் இல்லாமல் ரைசரிலேயே பொருத்தும் சிறு கம்ப்ரசர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 10 பிஎஸ்ஐயில் 5.5 சிஎஃப்எம்முக்குக் குறைவாகத் தரும் கம்ப்ரசருக்கு டேங்கோ ஏஎம்டியோ வேண்டாம் என்று என்எஃப்பிஏ 13 விடுவதும் அந்தக் கம்ப்ரசரே போதுமான அளவு மெதுவானது என்பதால்தான். பிற்பாடு யாராவது அதைப் பெரிய கம்ப்ரசராக மாற்றினால் ஏஎம்டியும் சேர்ந்து வர வேண்டும். மாற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரிவதில்லை.

சோதிப்பது எளிது. தண்ணீரை மூடிவிட்டு, ஏஎம்டியை வழக்கமான நிலையில் வைத்து, கடைக்கோடி டெஸ்ட் வால்வைத் திறந்து, 15 பிஎஸ்ஐயிலிருந்து அலார அளவுக்கு எத்தனை நொடி, விடுபடும் அளவுக்கு எத்தனை நொடி என்று குறியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் அதே சோதனை. போன ஆண்டைவிட இந்த ஆண்டு நொடிகள் கூடியிருந்தால் வரத்துப் பக்கம் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கம்ப்ரசர் முனகுகிறது, தொடங்காமல் டிரிப் ஆகிறது

நின்றவுடன் "புஸ்" என்று ஒரு சத்தம் வருகிறதா? அது அன்லோடர் வால்வு தலைப்பகுதிக் காற்றை விடுவது; வர வேண்டும். வரவில்லை என்றால் மோட்டார் அடுத்த முறை அழுத்தத்தை எதிர்த்துத் தொடங்கத் திணறும். சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் டேங்கின் செக் வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது. இரண்டுமே மலிவான உதிரிகள். இவை சரியாக இருந்தால் மோட்டார் முனையில், தொடங்கும் நொடியில் வோல்டேஜைப் பாருங்கள். கம்ப்ரசருக்குத் தனி மின்சுற்று இருக்க வேண்டும், பிளக் பாயின்டும் டைமரும் ஆகாது.

டிரெயினைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் தண்ணீர், அதுவும் செந்நிறத்தில்

கடற்கரை ஊர்களில் இது தீராத தொல்லை. 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். அதை இரு மடங்காக அழுத்தி 22 டிகிரிக் கூடத்துக்குள் அனுப்பினால் ஏறக்குறைய 10 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 14 கிராம் குழாயில் தண்ணீராகிவிடும்.

இப்போது அந்த 1.25 பிஎஸ்ஐ கசிவுக்குத் திரும்புவோம். 836 லிட்டர் குழாயில் அது மணிக்குச் சுமார் 70 லிட்டர் காற்று, நாளுக்கு 1.7 கன மீட்டர். டேங்கும் ட்ரையரும் இல்லாத கம்ப்ரசர் என்றால் மாதம் அரை லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றுகிறோம். கூடவே தினமும் புது ஆக்சிஜன். துரு வேறென்ன கேட்கும்? அந்தத் துரு குழாயைத் துளைத்தால் கசிவு கூடும், கசிவு கூடினால் தண்ணீர் கூடும்.

எனவே முதல் மருந்து கசிவை அடைப்பது. அப்புறம்தான் ட்ரையர், டேங்கின் தானியங்கி டிரெயின். கம்ப்ரசர் காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்றும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து பம்ப் அறையைவிட ஏசி உள்ள அறை மேல். குழாயின் சரிவும் முக்கியம். கிளைகளில் மீட்டருக்கு 4 மி.மீ., மெயினில் 2 மி.மீ. சரிவு டிரெயினை நோக்கி இருக்க வேண்டும். ஹேங்கர் தளர்ந்து தொய்ந்த இடத்தில் நீர் தேங்கி, துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

நைட்ரஜனுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு: மாறலாம், ஈரமும் ஆக்சிஜனும் இரண்டுமே குறையும். 98 சதவீதத் தூய்மை தரும் ஜெனரேட்டர்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் கசியும் குழாயில் நைட்ரஜன் சிலிண்டர் வைத்தால் பணம் கரையும். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று, மணிக்கு 70 லிட்டர் கசிவுக்கு நான்கு நாள் தாங்கும். 24 மணி நேரத்தில் 1.5 பிஎஸ்ஐ மட்டும் இழக்கும் குழாயென்றால் அதே சிலிண்டர் ஏறக்குறைய 80 நாள் வரும்.

திரும்ப ஒப்படைக்கும்போது

அந்தக் கூடத்தில் கசிவு கிடைத்தது ஒரு 4 அங்குலக் கப்ளிங்கில். பொருத்தும்போது கேஸ்கட் ஓரம் மடிந்து நசுங்கியிருந்தது. மாற்றினோம். கம்ப்ரசருக்குத் தனி மின்சுற்று இழுத்தார்கள். அலாரத்தை மறுபடி 10க்கு ஏற்றி, காற்று வரத்தை மூடிவிட்டு ராத்திரி முழுவதும் விட்டோம். காலையில் கேஜ் 15க்கு ஒரு நூல் கீழே நின்றது. காவலரின் நோட்டில் அந்த இரவுக்கு எந்தப் பதிவும் இல்லை.

நீங்கள் முடித்து வெளியேறும்போது இந்த வரிசையில் போங்கள். பைபாஸ் மூடியிருக்கிறதா, ஏஎம்டி வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். காற்று நிலைகொள்ள அரை மணி நேரம் கொடுங்கள். பால் டிரிப்பை அழுத்தி, காற்றும் தண்ணீரும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். பேனலில் எந்த அலாரமும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே மெயின் வால்வை மெதுவாகத் திறங்கள். திறந்து சில நிமிடம் கழித்துப் பால் டிரிப்பை இன்னொரு முறை அழுத்துங்கள். எல்லாம் அடங்கியிருந்தால் கடைசியாகச் சோலினாய்டை இணையுங்கள். அலாரம் கண்காணிப்பவர்களுக்குத் தகவல் சொல்லி, அட்டையைக் கழற்றி, தீக்காவலுக்கு நின்றவரை அனுப்புங்கள். காற்று அளவு, அறை வெப்பநிலை, நேரம் மூன்றையும் ரைசர் பக்கத்தில் தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.